குனிஞ்சு பாருங்க பாஸ்... நம்ம ஊர் பேசும்!

ஜெர்மனி போயிட்டு வந்தவங்க போட்டோ ஆல்பத்தைப் பார்த்திருக்கீங்களா? கோட்டை, சர்ச், ரயில்னு வரிசையா வரும். நடுவுல சம்பந்தமே இல்லாம தரையை எடுத்த ஒரு போட்டோ இருக்கும். 'கை தவறி க்ளிக் ஆயிடுச்சு போல'ன்னு தள்ளிவிட்டுடாதீங்க. மேட்டரே அதுதான்!

நடைபாதையில் பதித்த குட்டிப் பித்தளைத் தகடு அது. பத்து சென்டிமீட்டர் சதுரம். நாஜிகளால் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், பிறந்த வருஷம், என்ன ஆனார்... அவ்வளவுதான். அவர் வாழ்ந்த வீட்டு வாசலிலேயே இருக்கும். குன்டர் டெம்னிக் என்கிற கலைஞர் 1992-ல் கொலோன் நகரில் ஆரம்பித்தார். ஐரோப்பா முழுக்கப் பரவி, 2023-ல் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. 'தடுக்கும் கல்' என்று பெயர். படிக்கணும்னா தலை குனிஞ்சே ஆகணும்!

"அங்க வரலாறு இருக்கு, குனியறாங்க. நம்ம கள்ளக்குறிச்சியில கரும்பு லாரியைத் தவிர என்ன இருக்கு?" என்கிறீர்களா? வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்.

போர்டைப் படிங்க!

கடைவீதியில் மங்கிப்போன பெயின்ட் போர்டு ஏதாவது கண்ணில் பட்டால் கடைப் பெயரை விடுங்க, கீழே இருக்கிற முகவரியைப் பாருங்க. 'தென்னாற்காடு மாவட்டம்' என்றிருந்தால் எழுதியது 1993-க்கு முன்னாடி. 'விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்' என்றிருந்தால் 1993-க்கும் 1997-க்கும் நடுவில். ஏன்னா, 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்துட்டாங்க. வெறும் 'விழுப்புரம் மாவட்டம்' என்றால் அதற்கு அப்புறம். 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்றால் நேற்றைய பையன்! நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது 2019 நவம்பர் 26-ல்தான். ஒரே ஒரு முகவரி வரியில் முப்பது வருஷக் கதை! ஃப்ளெக்ஸ் வந்து மூடுறதுக்குள்ள பார்த்துடுங்க.

நாய்க்கும் ஒரு வரி!

கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம், தண்டராம்பட்டு பக்கம் போனால் வேடியப்பன் கோயில்கள் நிறைய. உள்ளே சாமியாக நிற்பது பல இடங்களில் நடுகல். ஊரையும் மாட்டையும் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எழுப்பிய கல். எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனுக்காக எடுத்தது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் இருக்கு. பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். சுமார் 1400 வருஷமாக அந்த நாயின் பெயரை ஒரு கல் காப்பாற்றி வைத்திருக்கிறது!

திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பை இன்னும் டாப். அசோகர் தன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியரோடு 'சதியபுத்திரர்' என்றும் ஒருவரைச் சொல்கிறார். அது யார் என்று அறிஞர்கள் ரொம்ப காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981-ல் ஜம்பைக் குகையில் ஒரே ஒரு வரித் தமிழ்பிராமி எழுத்து கிடைத்தது. 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' கொடுத்த இடம் என்கிறது அது. நம்ம அதியமான்தான்! ஆடு மேய்க்கிறவங்க ஒதுங்குகிற மாதிரி ஒரு குகை. பதில் அங்கே இருந்திருக்கிறது.

மலையில் காதைத் தீட்டுங்க!

கல்வராயன் மலைக்குப் போனால் அருவியில் குளிச்சுட்டு, செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடாதீங்க. அந்த மலைக் கிராமங்கள் 1976 வரை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தவை. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்துத்தான் அரசாங்கம் நேரடியாகப் பொறுப்பேற்றது. இதைச் சொல்ல அங்கே பித்தளைத் தகடு கிடையாது. எழுபது வயசு தாத்தாவும் பாட்டியும்தான் இருக்காங்க. வெள்ளிமலை டீக்கடையில் உட்கார்ந்து "அப்போ வரி யாருக்குங்க கட்டினீங்க?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்க. அவங்க சம்மதிச்சா மொபைலில் ரெக்கார்ட் பண்ணுங்க. கல் காத்திருக்கும், தாத்தா பாட்டி ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* எழுத்து தெரியணும்னு கல்லில் சாக்பீஸ், எண்ணெய் தடவாதீங்க. காலை, மாலை சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே தெரியும்.
* போட்டோவில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்க. இடம், தேதி குறிச்சுக்கோங்க.
* தோண்டவோ, பெயர்த்து எடுத்து வரவோ கூடாது. புதுசா ஏதாவது தெரிந்தால் வி.ஏ.ஓ-விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்க.
* சாமியாக நிற்கிற கல்லா? ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு கிட்டே போங்க.

ஃப்ளைட் டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம். டவுன் பஸ் காசு போதும். ரோடு அகலமாகும்போது ஓரத்தில் இருக்கிற கல்லை ஜல்லியோடு சேர்த்துத் தள்ளிவிட ஒரு நிமிஷம் ஆகாது. 'அது என்னன்னு எனக்குத் தெரியும்'னு சொல்ல ஊர்ல ஒருத்தராவது இருக்கணும் இல்லையா? அந்த ஒருத்தர் நீங்களா இருங்க!