பெரியவர் அலமாரிக்குப் போன பெங்குவின்கள்

2014 ஜூலையில், வாசகர் ஒருவரின் புகாரை ஏற்றுச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை விலக்கிக்கொண்ட செய்தி வெளிவந்தது. ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’, ‘த வொயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்’, ‘ஹூஸ் இன் மை ஃபேமிலி?’ என்பவை அவை. குடும்பத்துக்கு ஆதரவான நிலைப்பாடு தன்னுடையது என்றது வாரியம். இதைக் கண்டித்துச் சிங்கப்பூர் இலக்கியப் பரிசின் ஆங்கில அபுனைவுப் பிரிவு நடுவர்கள் மூவர் விலகினர். சுமார் 400 பேர், பலர் பிள்ளைகளோடு, தேசிய நூலகத்தில் கூடி அந்த நூல்களை வாசித்தனர். அதே மாதம் அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் தலையிட்டு, இரண்டு நூல்களைப் பெரியவர் பிரிவில் வைக்கச் சொன்னார். மூன்றாவது அதற்குள் காகிதக் கூழாகியிருந்தது.

அப்படி என்னதான் இருந்தது அவற்றில்? முதல் நூலின் கதை நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் உண்மையாக நடந்தது. ராய், சைலோ என்ற இரண்டு ஆண் பெங்குவின்கள் ஜோடி சேர்ந்து கூடு கட்டின. ஒரு கல்லை முட்டையாக எண்ணி அடைகாத்தன. பராமரிப்பாளர் வேறொரு ஜோடியின் முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். பொரிந்து வந்த பெண் குஞ்சுதான் டேங்கோ. இந்த நூல்தான் 2006 முதல் 2008 வரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் மிக அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல். இரண்டாவது நூல், குழந்தைகளைத் தத்தெடுக்கச் சீனாவுக்குப் பயணம் போகும் குடும்பங்களைப் பற்றியது. அவற்றில் ஒன்று இரு பெண்கள் இணைந்து வாழும் வீடு. மூன்றாவது, பலவகைக் குடும்பங்களையும் வரிசையாகக் காட்டுவது. பின்னிரண்டு நூல்களிலும் தன்பாலின இணையர் பத்தோடு பதினொன்றாகத்தான் வருகிறார்கள். உலகில் இப்படியும் வீடுகள் உண்டு என்று காட்டியதே குற்றமாகிவிட்டது. அதற்காகத் தத்துப்பிள்ளைகளின் கதையும் சேர்ந்தே அலமாரியை விட்டு இறங்கியது. குடும்பத்தின் பெயரால் கூழாக்கப்பட்டது, குடும்பங்களைப் பற்றிய நூல்!

‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்கள், இளவரசனும் இளவரசியும் கல்யாணம் செய்துகொள்ளும் கதையைத் தயங்காமல் படித்துக் காட்டுகிறார்கள். அங்கே யாரும் பாலியலைப் பார்ப்பதில்லை. முட்டையை அடைகாக்கும் பறவைகளிடம் மட்டும் பார்க்கிறார்கள். கதை படித்துப் பிள்ளை மாறிவிடும் என்ற அச்சமும் நிற்காது. இளவரசன் கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்த தலைமுறைகளிலும் தன்பாலீர்ப்பாளர்கள் இருந்தார்களே. பின்னாளில் சைலோ ஒரு பெண் பெங்குவினோடு சேர்ந்ததை எதிர்ப்பாளர்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். பெங்குவின்களை எந்தத் தரப்புக்கும் சாட்சிக்கு அழைக்காமல் இருப்பது நல்லது.

ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு அன்று சிங்கப்பூரில் நடப்பில் இருந்தது என்பது, நூல்களை விலக்கியதற்கு ஆதரவான கனமான வாதம். ஆனால் 2022இல் நாடாளுமன்றம் நீக்கிய அந்தப் பிரிவு, தத்தெடுக்கும் பெண்களைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அதைவிடக் கனமானது பெற்றோரின் உரிமை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், மான்ட்கோமரி கவுன்டியில் இத்தகைய கதைகளை வகுப்பில் படித்தபோது, மத நம்பிக்கை காரணமாகப் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்ட பெற்றோருக்கு ஆதரவாக 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6–3 என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றாலும் அது நூலகத்துக்குப் பொருந்தாது. வகுப்பறையில் பிள்ளை எழுந்து போக முடியாது. நூலகத்தில் பிடிக்காத நூலைத் தொடாமலே வரலாம். ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்வது உரிமை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்வது உரிமையாகாது. பெரியவர் பிரிவு என்ற சமரசம் இதில் பாதியைத்தான் தீர்க்கிறது. நூலின் பெயர் தெரிந்த பெற்றோர் தேடி எடுத்துவிடலாம். இரண்டு அம்மாக்களோடு வளரும் பிள்ளையின் கையில் அது தற்செயலாக அகப்பட வழியில்லை.