ராடு போட்டு இருபது வருஷம் ஆச்சு, இப்ப என்ன?

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

மண்டகப்பட்டுல இருந்து பேசுறேன். இன்னிக்கு டாபிக் ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன். அதுவும் ஆபரேஷனைப் பத்தி இல்ல, அது முடிஞ்சு பத்து, இருபது, முப்பது வருஷம் கழிச்சு என்ன ஆகுதுங்கறதைப் பத்தி. பதினாலு வயசுல முதுகுல ராடு போட்டுக்கிட்டவங்களுக்கு இப்ப முப்பது வயசு இருக்கும். உங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்லயே ஒருத்தர் இருக்கலாம். நமக்குத் தெரியாது, ஏன்னா அவங்க சொல்ல மாட்டாங்க. ஏன் சொல்ல மாட்டாங்கன்னு கடைசியில வர்றேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். இதைக் கேட்டுட்டு யாரும் ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லவும் கூடாது, பயப்படவும் கூடாது.

அடிப்படை என்ன?

முதுகுத்தண்டு பக்கவாட்டுல வளைஞ்சு, கூடவே முறுக்கிக்கிறதுதான் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்ரேல 10 டிகிரிக்கு மேல இருந்தா அந்தப் பேரு. வளர் இளம் பருவத்துப் பிள்ளைகள்ல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு இருக்கும். பெரும்பாலும் லேசா இருக்கும், ஒண்ணும் செய்ய வேண்டாம். வளர்ற வயசுல நடுத்தர வளைவுக்கு பிரேஸ் போடுவாங்க. 45, 50 டிகிரியைத் தாண்டினா ஆபரேஷன் பேச்சு வரும். அந்த அளவுக்குப் போறது அதிகமா பெண் பிள்ளைகளுக்குத்தான்.

ஆபரேஷன்ல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, உலோக ராடு வெச்சு வளைவை நிமிர்த்தறது. இன்னொண்ணு, அந்த இடத்து முள்ளெலும்புகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளர வைக்கிறது. ரெண்டாவதைத்தான் ஃப்யூஷன்னு சொல்றாங்க.

ராடுதான் ஆயுசுக்கும் முதுகைத் தாங்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவோம் இல்லையா, ராடு அந்தச் சாரம் மாதிரி. எலும்பு ஒட்டி இறுகற வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கறது அதோட வேலை. எங்க ஊர் குடைவரைக் கோயில் கல்வெட்டுல, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம இதைச் செஞ்சேன்னு மகேந்திரவர்மன் பெருமையாச் சொல்லியிருப்பாரு. 1400 வருஷமா பாறையேதான் நிக்குது. முதுகுலயும் கடைசியில நிக்க வேண்டியது எலும்புதான். எங்கயாவது எலும்பு சரியா ஒட்டலைன்னா, குனிஞ்சு நிமிர்ற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல உலோகத்துக்கு வேலை. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சா என்ன ஆகும்? ஒருநாள் முறியும். ராடு பல வருஷம் கழிச்சு உடையறதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஹாரிங்டன் ராடு சொல்லித்தந்த பாடம்

அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்து டாக்டர் பால் ஹாரிங்டன். போலியோ வந்து முதுகு வளைஞ்ச குழந்தைகளுக்காக ஒரு எஃகு ராடை உருவாக்கி, 1962ல கட்டுரையா வெளியிட்டாரு. அதுவரைக்கும் மாசக்கணக்குல மாவுக்கட்டுதான். அதனால இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். அடுத்த இருபது வருஷத்துக்கு மேல உலகம் முழுக்க இதைத்தான் போட்டாங்க.

அந்த ராடு வேலை செஞ்ச விதம் எளிமையானது. வளைவோட மேல ஒரு கொக்கி, கீழ ஒரு கொக்கி, நடுவுல ஜாக்கி மாதிரி தள்ளி நிமிர்த்தறது. முன்னாடி இருந்து எடுத்த எக்ஸ்ரேல பார்த்தா அருமையா நேரா இருக்கும்.

ஆனா முதுகை பக்கவாட்டுல இருந்து பார்த்தா அது நேரா இருக்கவே கூடாது. இடுப்புக்கு மேல உள்பக்கமா ஒரு குழிவு இருக்கணும். அந்தக் குழிவு இருக்கறதாலதான் தலை இடுப்புக்கு நேர் மேல நிக்குது, நாம கஷ்டப்படாம நிக்கிறோம். ராடு கீழ் முதுகு வரைக்கும் போனவங்களுக்கு, தள்ளி நிமிர்த்தினதுல அந்தக் குழிவும் தட்டையாயிடுச்சு. உடம்பு முன்னாடி சாயும். நேரா நிக்கணும்னா முட்டியை மடக்கி, இடுப்பை இழுத்துப் பிடிக்கணும். நாள் முழுக்க அப்படி நின்னா தொடையும் முதுகும் என்ன பாடுபடும்னு யோசிங்க. இதுக்கு ஃப்ளாட்பேக் சிண்ட்ரோம்னு பேரு.

இது ஏன் உடனே தெரியல? ராடுக்குக் கீழ மிச்சம் இருக்கற ரெண்டு மூணு டிஸ்க் எல்லாத்தையும் ஈடுகட்டிக்கிட்டு இருந்துச்சு. இருபது வயசுல டிஸ்க் நல்லா இருக்கும். நாற்பதுல தேஞ்சுபோகும். அப்பதான் மொத்தமா வெளிய வந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகி ரிலீஸ் ஆன கோடுல, லோடு ஏறின பிறகு வர்ற பக்.

டாக்டர்கள் இதை 1970கள்லயே கட்டுரைகள்ல எழுத ஆரம்பிச்சுட்டாங்க. 1988ல இதுக்கு மறு ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட 55 பேரைப் பத்தி ஒரு ஆய்வே வந்துச்சு. ஆனா அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டியவங்களுக்குப் போகல. சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணின டாக்டர் ரிட்டையர் ஆகியிருப்பாரு, ஃபைல் தொலைஞ்சிருக்கும். புதுசாப் பார்க்கிற டாக்டர் ‘முதுகு நேராத்தானே இருக்கு’ன்னு சொல்லுவாரு. இந்த நிலைமையில பேஷண்ட்ஸே ஒருத்தரை ஒருத்தர் தேடிக் கண்டுபிடிச்சாங்க. ‘உனக்கும் சாயுதா? சாயங்காலம் ஆனா உனக்கும் நிக்க முடியலையா?’ன்னு கேட்டுக்கிட்டாங்க. தனக்கு இருக்கறது சோம்பலோ மனப்பிரமையோ இல்ல, அதுக்குப் பேரு இருக்குன்னு பல பேருக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

மருத்துவமும் அளவுகோலை மாத்திக்கிச்சு. முன்னாடி டிகிரி எவ்வளவு குறைஞ்சதுன்னு மட்டும்தான் பேச்சு. இப்ப வலி, வேலை செய்யற திறன், தன்னைப் பத்தின எண்ணம், மனநிலை, திருப்தி எல்லாத்தையும் பேஷண்ட் வாயாலேயே கேட்கிற 22 கேள்விகள் கொண்ட எஸ்ஆர்எஸ்-22 படிவம் இருக்கு. பக்கவாட்டு எக்ஸ்ரேயும் முக்கியமாயிடுச்சு. இப்போதைய ஸ்க்ரூ, டைட்டானியம் ராடு முறைகள்ல அந்தக் குழிவைக் காப்பாத்தறதும் திட்டத்துல ஒரு பகுதி.

அப்ப எல்லாருக்கும் பிரச்சனை வருமா?

இல்ல. சுவீடன்ல கோத்தன்பர்க் நகரத்துல, ஹாரிங்டன் ராடு போட்டவங்களை 20 வருஷத்துக்கு மேல கழிச்சுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. பெரும்பாலானவங்க மத்தவங்களைப் போலவே வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க, முதுகுவலி மட்டும் கொஞ்சம் கூடுதல். அதனால இது பயமுறுத்தற கதை இல்ல. ஆனா பிரச்சனை வர்ற சிலருக்கு, அது வரலாம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

பேசறதுன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது இங்கிலாந்து இளவரசி யூஜெனி. 2002ல 12 வயசுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. 2018 அக்டோபர்ல தன் கல்யாணத்துக்கு, முதுகுத் தழும்பு தெரியற மாதிரியே உடை போட்டுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல நேர் எதிர். ‘கல்யாணம் ஆகற வரைக்கும் வெளிய சொல்லாத’ன்னு வீட்லயே சொல்லிடுவாங்க. தழும்பு தெரியாத ஜாக்கெட், பீரோவுக்கு அடியில போன எக்ஸ்ரே. அந்த மௌனத்துக்கு விலை இருக்கு. ஒரே பிரச்சனை உள்ள ரெண்டு பேர் சந்திச்சுக்கவே முடியாது. உதாரணத்துக்கு, ஃப்யூஷன் கீழ் முதுகு வரைக்கும் போயிருந்தா, பிரசவத்துல முதுகுல ஊசி போட்டு மயக்கம் கொடுக்கறது கஷ்டமாகலாம். இதை மயக்க மருந்து டாக்டர்கிட்ட மாசமா இருக்கும்போதே சொல்லணும். பிரசவ வலியோட படுத்திருக்கும்போது, மாமியார் பக்கத்துல நிக்கும்போது முதல் தடவையா சொல்ற விஷயம் இல்ல இது.

என்ன செய்யலாம்?

நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரா இருந்தா, இந்த வாரமே நாலு விஷயத்தைத் தேடி எடுங்க.

1. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும். ஃப்யூஷன் எந்த எலும்புல ஆரம்பிச்சு எதுல முடியுதுன்னு அதுல இருக்கும். கீழ எத்தனை டிஸ்க் மிச்சம்னு தெரிஞ்சுக்கறது ரொம்ப முக்கியம்.

2. உள்ள வெச்ச பொருளோட ஸ்டிக்கர் அல்லது விவரம். எஃகா, டைட்டானியமா, எந்த கம்பெனின்னு தெரிஞ்சா எம்ஆர்ஐ எடுக்கும்போது உதவும்.

3. ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் நின்னபடி எடுத்த எக்ஸ்ரே, பக்கவாட்டுல எடுத்ததும் சேர்த்து. போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வையுங்க.

4. வலி இல்லைன்னாலும் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப் வரணும்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கின பதில்.

இந்த அறிகுறிகள் வந்தா தள்ளிப் போடாதீங்க: புதுசா முன்னாடி சாயறது, முதுகுல ‘டக்’னு சத்தத்தோட வலி, தழும்புல வீக்கம் அல்லது நீர் கசியறது (வருஷங்கள் கழிச்சுகூட கிருமித் தொற்று வரலாம்). கால் பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாம போறதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. எங்க பக்கத்து ஆளுங்க முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ்ல காட்டலாம், புதுச்சேரி ஜிப்மருக்கும் போகலாம். போகும்போது அந்த ஃபைலை எடுத்துக்கிட்டுப் போங்க.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்பதான் ஆபரேஷன் பேச்சு நடக்குதுன்னா, சர்ஜன்கிட்ட இதையும் கேளுங்க: ‘எந்த எலும்பு வரைக்கும் ஃப்யூஷன் வரும்? முப்பது வருஷம் கழிச்சு கீழ இருக்கற டிஸ்க் எப்படி இருக்கும்?’ நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு, உக்கார வெச்சுப் பதில் சொல்லுவாரு.

அவ்வளவுதான் இந்த எபிசோட். உங்க முதுகுலயும் ராடு இருந்து, இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லைன்னா, முதல்ல ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.