விழுந்துடுவீங்க, உட்காருங்க!

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற வார்த்தை இது. காயப்போட்ட துணியை எடுக்க அப்பா மாடிக்குக் கிளம்பினால், "நீங்க ஏன்ப்பா ஏறுறீங்க, விழுந்துடுவீங்க." காபி டம்ளரைக் கழுவ அம்மா எழுந்தால், "வைம்மா, நான் பாத்துக்கிறேன், நீ உட்காரு." அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று காரணங்களை எழுதிப் பார்த்தால், இந்த அக்கறைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. உட்கார்ந்தே இருக்கும் கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால்தான் தடுமாறுகிறது.

தடுக்கி விழப்போகும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வலது கால் மிதியடி விளிம்பில் மாட்டுகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. இடது காலைச் சட்டென்று முன்னால் வைத்து உடம்பின் முழு எடையையும் அது தாங்கினால் விழமாட்டோம். அதற்குத் தொடையிலும் கணுக்காலிலும் வலு வேண்டும். மூளை சொன்னதைக் கால் உடனே கேட்கவும் வேண்டும். இளம் வயதில் இதை நாம் கவனிப்பதே இல்லை. நடுவயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறைகிறது, அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது, படுக்கையில் கிடந்தால் இன்னும் வேகமாகக் கரைகிறது. 2007-இல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்து பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சலுக்காகப் பத்து நாள் படுத்து எழுந்த தாத்தா ஏன் சுவரைப் பிடித்து நடக்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். அதில் பல நமக்குத் தெரியவே வராது. விழுந்ததைச் சொன்னால் மறுநாளிலிருந்து கோயிலுக்கு விடமாட்டார்கள், சமையலறைக்குள் விடமாட்டார்கள், தனியாக இருக்கவும் விடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முழங்கையில் சிராய்ப்பு எப்படி வந்தது என்று கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்பார்கள். விழுந்த பயம் மட்டும் உள்ளே தங்கிவிடும். பயத்தில் நடை குறையும், நடை குறையக் குறைய வலு குறையும், அடுத்த முறை விழுவது நெருங்கிவரும். அதனால் திட்டாமல் கேட்கப் பழகுங்கள். "இந்த மாசம் எங்கேயாவது தடுமாறினீங்களா?" என்று சர்க்கரை அளவை விசாரிப்பதுபோல் சாதாரணமாகக் கேட்டால் பதில் வரும்.

உடற்பயிற்சியால் விழுவதைத் தடுக்க முடியுமா? முடியும். முதுமை மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் அதிகமில்லை. 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம் குறைவு 34 சதவீதம் வரை இருந்தது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 1990-களில் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டம் இன்று பல நாடுகளில் பிசியோதெரபிஸ்டுகள் கையாளும் ஒன்று. அதற்குத் தேவையானது ஒரு நாற்காலி, பிடித்துக்கொள்ள ஒரு மேடை, கணுக்காலில் கட்டக் கொஞ்சம் எடை. வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். ஜிம் கட்டணம் எதுவும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங்தான். நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் நடை மட்டும் விழுவதைத் தடுக்கும் என்பதற்கு அதே காக்ரேன் ஆய்வில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. "தினமும் பார்க்கைச் சுத்தி நாலு ரவுண்டு போறேனே" என்று சொல்லும் பெரியவருக்கும், "வீட்டு வேலையே போதும்" என்று சொல்லும் அம்மாவுக்கும் சமநிலைப் பயிற்சி தனியாக வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது அதைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை.

கால் வலுவை வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள பெண் 11 முறையாவது, ஆண் 12 முறையாவது எழ வேண்டும். எண்பதைத் தொட்டவர்களுக்கு முறையே 9, 10. அதற்குக் கீழே என்றால் விழும் அபாயம் அதிகம். இந்தச் சோதனையையே பயிற்சியாகவும் செய்யலாம்.

கோவைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் இதை நேரில் பார்த்தேன். எழுபது தாண்டிய ஓர் ஆத்தா. கையை ஊன்றாமல் எழச் சொன்னதும் இரண்டு தடவை எம்பிப் பார்த்துவிட்டு, "என்னால ஆகாது கண்ணு" என்றார். அங்கிருந்த பெண் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஆத்தாவின் பாதங்களைப் பிடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார். "இப்ப குனிங்க ஆத்தா. மூக்கு முட்டிக்கு மேல வரோணும். ம்ம், எந்திரிங்க." எழுந்துவிட்டார். தன் காலையே ஒரு கணம் குனிந்து பார்த்தார். வலு அவரிடம் இருந்தது. காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு நிமிர்ந்தபடியே எழப் பார்த்ததால்தான் முடியவில்லை. பிறகு அந்தப் பெண் கேட்ட கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. "விழாம இருக்கோணும்ல ஆத்தா" என்று அவர் சொல்லவில்லை. "கால் நல்லா இருந்தா எங்க போவீங்க?" என்றார். "மருதமலை போயி மூணு வருசமாச்சு" என்றார் ஆத்தா. அந்த மலைக்கோயில் படிகளுக்காக, அன்று அந்தக் கட்டடத்தின் வாசற்படியில் ஏறி இறங்கிப் பழகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பெரியவர்களைப் பயிற்சி செய்ய வைப்பதில் நாம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பயமுறுத்துகிறோம். எதிர்வீட்டுப் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்த கதையைச் சொல்கிறோம். பிரிட்டனில் உளவியலாளர் லூசி யார்ட்லி முதியவர்களிடம் பேசிச் செய்த ஆய்வுகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. விழாமல் தற்காத்துக்கொள்ளும் அறிவுரை நல்லதுதான், ஆனால் அது என்னைவிட வயதானவர்களுக்கு, உடம்பு முடியாதவர்களுக்கு என்றே பலரும் நினைத்தார்கள். தன்னைத் தளர்ந்தவர் என்று யாருமே ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை. ஒப்புக்கொள்ள வைத்துத்தான் பயிற்சிக்கு அழைப்போம் என்றால் அவர் வரமாட்டார். அவருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். பேத்தியைத் தூக்க வேண்டுமா, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து எழ வேண்டுமா, யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போக வேண்டுமா, இரவில் யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய்வர வேண்டுமா? பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள்.

"இந்த வயசுக்கு மேல என்னத்த" என்பார்கள். 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறிலும் தசை வளரும். இதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், சொன்னால் கேட்பார்கள்.

நேரம் ஒதுக்கி, உடை மாற்றி, பாய் விரித்துச் செய்ய வேண்டும் என்றால் மூன்றாம் நாள் நின்றுவிடும். ஏற்கெனவே இருக்கிற வேலையோடு கட்டிவிடுங்கள். பால் பொங்கும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம், பத்து முறை. சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். மேடையை ஒட்டி ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டவைத்து நிற்கலாம். பத்து விநாடி நிற்க வந்ததும், பிடித்த கையை ஒவ்வொரு விரலாக விடுவிக்கலாம். சமநிலை கூட வேண்டுமானால் கொஞ்சம் தடுமாறுகிற அளவுக்குச் செய்தாக வேண்டும். அதனால்தான் பிடிமானம் கைக்கெட்டும் தூரத்திலும், முதல் சில வாரங்கள் ஓர் ஆள் பக்கத்திலும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிவிட்டு "செய்யுங்கப்பா" என்பதைவிட, மருமகளும் பேரனும் கூட நின்று செய்தால் பலன் அதிகம். தொடையில் இரண்டு நாள் இருக்கும் அலுப்பு இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூட்டுக்குள் குத்துகிற வலி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

பயிற்சியோடு கவனிக்க வேண்டியவை சில உண்டு. தூக்க மாத்திரைகள், குறிப்பாக அல்பிரசோலம் வகை, பெரியவர்களைத் தள்ளாட வைக்கும். நீங்களாக நிறுத்தாமல், குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தத்தை உட்காரவைத்து மட்டுமல்லாமல் நிற்கவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்ததும் அழுத்தம் சரிந்து விழுபவர்கள் நிறையப் பேர். கண்புரையைத் தள்ளிப்போட வேண்டாம். குளியலறையில் சுவரில் பிடிகம்பி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு, தேய்ந்துபோன ரப்பர் செருப்புக்கு ஓய்வு.

பிசியோதெரபிக்குக் காசில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தரும் சேவையும் சேர்ந்திருக்கிறது. அதைப் பிரஷர், சுகர் மாத்திரை தருகிற திட்டமாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 20-ஆவது பிரிவில் சொல்கிறது. வரிசை இல்லையென்றால் கேட்பது உங்கள் உரிமை.

அதே சட்டத்தில் பராமரிப்பு என்பது சோறும் துணியும் இடமும் மட்டுமல்ல, மருத்துவச் சிகிச்சையும் அதில் அடக்கம். வசதி இருந்தும் பிள்ளைகள் கைவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு; நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் பெரியவர்களின் பெயர் இருக்கிறதா என்று, விழுந்து ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு தேடாமல் இப்போதே பாருங்கள்.

விழுந்துவிட்டால், பதறிப்போய் இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். தொடை இடுக்கில் வலி, காலை ஊன்ற முடியாமை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடத்தல், இவை இடுப்பெலும்பு முறிவின் அடையாளங்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் நாட்டுக்கட்டும் இதற்கு உதவாது. தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்; தலைக்குள் கசியும் ரத்தம் சில நாள் கழித்தும் வெளிப்படலாம்.

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை கூடியவரை 48 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். "வயசாயிடுச்சு, ஆபரேஷன் வேண்டாம்" என்று உறவினர்கள் கூடி முடிவெடுக்குமுன், படுக்கையிலேயே விட்டால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் ரத்தக்கட்டியும் வரும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நிற்கவைப்பார்கள்; வலிக்கிறதே என்று தடுக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், என்னென்ன பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வாரம், அடுத்து எப்போது வந்து காட்ட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.