போனில் நகலெடுத்தது கணினியில் வந்து விழுவது எப்படி?

உங்கள் வீட்டு மேசை. போனில் ஒரு முகவரியை நகலெடுக்கிறீர்கள், மடிக்கணினியில் ஒட்டுகிறீர்கள். நடுவில் கம்பியே இல்லை. எப்படிப் போனது?

2013-இல் தொடங்கிய கேடிஇ கனெக்ட் என்ற கட்டற்ற மென்பொருளின் வேலை இது. இரண்டு கருவிகளிலும் அதை நிறுவி, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஒரே தெருக்காரர்கள் மாதிரி, ஒருவர் வாசலில் நின்று குரல் கொடுக்க, மற்றவர் பதில் சொல்கிறார். முதல் முறை மட்டும் 'இவரை நம்பலாமா?' என்று உங்களைக் கேட்பார். நீங்கள் தலையாட்டினால் இருவரும் அடையாளத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு எழுத்துகள் பூட்டிய பெட்டியில்தான் போகும். தெருவைத் தாண்டாது, வெளியூர் சர்வர் எதுவும் அதைப் பார்க்காது.

கணினியில் நகலெடுப்பது போனுக்குத் தானாக வரும். போனிலிருந்து அனுப்ப மட்டும் ஏன் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டியிருக்கிறது? ஆண்ட்ராய்டு 10 முதல், பின்னணியில் ஓடும் செயலியால், நகலெடுத்தது தங்கும் இடமான கிளிப்போர்டைப் படிக்க முடியாது. கடவுச்சொல்லைக்கூட அங்கேதானே நகலெடுத்து வைக்கிறோம்? அந்தக் காவல் தேவைதான்.