கேட்பவர் நிலையறிந்த சொல்: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் மனநல ஆலோசனையும்

அரபி அணியிலக்கணம் பயிலும் மாணவன் முதற்கண் கற்கும் கருத்துகளுள் ஒன்று 'முக்தளல் ஹால்' என்பதாகும். சொல் பிழையற்றதாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவரின் நிலை எதனை வேண்டி நிற்கிறதோ அதற்குப் பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது இதன் சாரம். ஒரு செய்தியை முதன்முறையாகக் கேட்பவனிடம் அதனை வெறுமனே கூறலாம். அதனை மறுப்பவனிடமோ உறுதிச் சொற்களைச் சேர்த்தே கூறவேண்டும். செய்தி ஒன்றுதான், ஆனால் கேட்பவர் மாறும்போது சொல்லும் மாறுகிறது.

மனநல ஆலோசனையின் முதன்மைக் கருவியும் சொல்லே. எனவே, கேட்பவர் நிலையறியாமற் பேசும் ஆலோசகர் தம் கருவியையே பழுதாக்கிக் கொள்கிறார். இவ்வுண்மையை விளக்கமாகக் காட்டும் ஒரு களம், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கான மனநல ஆலோசனையாகும்.

தயக்கத்தின் வரலாறு

இப்பெண்களுள் பலர் ஆலோசகரை நாடத் தயங்குகின்றனர். நாடினாலும் மனம் திறக்க நாளாகிறது. இதனை அறியாமை என்றோ பிடிவாதம் என்றோ கருதுவது தவறாகும். இத்தயக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

அடிமைகள் தப்பியோட விரும்புவதையே 'டிரேப்டோமேனியா' என்னும் மனநோயாக 1851ஆம் ஆண்டில் அறிவித்தார் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர். அதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாகச் சாட்டையடியையும் அவர் பரிந்துரைத்தார். விடுதலை வேட்கையை நோய் என்றும், கொடுமையை மருந்து என்றும் மருத்துவத்தின் பெயராலேயே கூறிய காலம் அது. அதற்குச் சற்று முன்னர், 1840களில், அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் அனார்க்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தின்றி அறுவைப் பரிசோதனைகளை நடத்தினார். பின்னாளில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அச்சிலை 2018ஆம் ஆண்டில்தான் அகற்றப்பட்டது.

டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்த ஆய்வில், மேகநோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உண்மை மறைக்கப்பட்டது. பயனுள்ள மருந்து வந்த பின்னரும் அது அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அதனால் துயருற்றோருள் அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் இருந்தனர். அமெரிக்க உளவியல் கழகமே இனப்பாகுபாட்டில் தனக்கிருந்த பங்கினை ஒப்புக்கொண்டு 2021ஆம் ஆண்டில் முறையாக மன்னிப்புக் கோரியது. ஆதலால், ஆலோசகரின் முன் வந்தமரும் பெண்ணின் எச்சரிக்கையுணர்வு ஒரு நோய்க்குறியன்று. அது தலைமுறைகள் கற்றுக்கொண்ட பாடமாகும்.

வலிமை என்னும் சுமை

இரண்டாவதாகக் கருதத்தக்கது, 'கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள்' என்னும் புகழ்ச்சி. செரில் உட்ஸ் கிஸ்கோம்பே என்னும் ஆய்வாளர் இதனை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் ஐந்து கூறுகளாக வகுத்தார். எப்போதும் வலிமையைக் காட்ட வேண்டும் என்னும் கடப்பாடு, உணர்ச்சிகளை அடக்குதல், பிறரைச் சார்ந்து நிற்க மறுத்தல், வசதிகள் குறைந்தபோதும் வென்றே தீரவேண்டும் என்னும் உறுதி, தன்னை மறந்து பிறருக்கு உதவுதல் ஆகியனவே அவை. இப்பண்புகள் ஒரு சமுதாயத்தை அழியாமற் காத்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு விலையும் உண்டு.

இத்தகைய பெண்ணிடம் மனச்சோர்வு கண்ணீராக வெளிப்படாமற் போகலாம். தூக்கமின்மை, தலைவலி, எரிச்சல், ஓயாத உழைப்பு ஆகிய வடிவங்களில் அது மறைந்திருக்கலாம். கண்ணீரை மட்டுமே எதிர்பார்க்கும் ஆலோசகர், 'இவர் நலமாகவே இருக்கிறார்' என்று முடிவு கட்டிவிடுவார். அவள் சினத்தை வெளிப்படுத்தினாலோ, 'கோபக்காரக் கறுப்பினப் பெண்' என்னும் பழைய முத்திரை காத்திருக்கிறது. மௌனம் காத்தால் நோய் மறைகிறது. பேசினால் பழி சேர்கிறது.

அடக்கியதை உடல் மறப்பதில்லை. இடைவிடாத சமூக அழுத்தம் உடலை உரிய காலத்திற்கு முன்பே தளரச் செய்கிறது என்னும் கருத்தை ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992ஆம் ஆண்டில் முன்வைத்தார். மகப்பேற்றுடன் தொடர்புடைய இறப்பு, 2021ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு வெள்ளையினப் பெண்களிடையே 26.6 ஆகவும் கறுப்பினப் பெண்களிடையே 69.9 ஆகவும் இருந்தது. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. எனினும், 'இவள் தாங்குவாள்' என்னும் எண்ணத்தால் வலியைச் செவிமடுக்காமல் விடுவது எத்துணை ஆபத்தானது என்பதை உணர இவ்வெண்கள் போதும்.

ஆலோசகர் செய்யத்தக்கது

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு பெண் தூக்கமின்மை என்று வருகிறாள். பேச்சினூடே, தன் இயற்கையான சுருள்முடி அலுவலகத்துக்கு ஏற்றதன்று எனச் சிலர் குறிப்பாகச் சொன்னதைக் கூறுகிறாள். 'அவர்கள் அந்தப் பொருளில் சொன்னார்கள் என்பது உறுதிதானா?' என்று ஆலோசகர் கேட்டால், தன் அனுபவத்திற்கே சான்று காட்ட வேண்டிய நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். மாறாக, 'இவ்வாறு முன்னரும் நேர்ந்ததுண்டா? அன்று யாரிடம் பேசினீர்கள்?' என்று கேட்டால் கதவு திறக்கிறது. முடியமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கக் கலிஃபோர்னியா மாநிலம் 2019ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றியது. இதனை அறிந்த ஆலோசகருக்கு அவள் சொல்வது அற்பமாகத் தோன்றாது.

இவ்வகைக் கேள்விகளுக்கு இன்று ஒரு முறைமையும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்க்கணிப்புக் கையேட்டில், பண்பாட்டுப் பின்னணியை அறிவதற்கான 16 கேள்விகள் இடம்பெற்றன. தன் துன்பத்துக்கு அவர் என்ன பெயரிடுகிறார், எதனைக் காரணமாகக் கருதுகிறார், யாரிடம் உதவி தேடினார் என்பன போன்றவை அவை.

இப்பணிக்கு முன்னோடிகளும் உண்டு. மேமி பிப்ஸ் கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் 1946ஆம் ஆண்டிலேயே தம் கணவருடன் சேர்ந்து ஹார்லெமில் குழந்தைகளுக்கான மையம் ஒன்றை நிறுவினார். எனினும், 2015ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்க உளவியலாளருள் கறுப்பினத்தவர் சுமார் 4 விழுக்காட்டினரே. ஆதலால் பிற இனத்து ஆலோசகர்களும் இக்கலையைக் கற்றே ஆகவேண்டும்.

நம்பிக்கையின் இடம்

இப்பெண்களுள் பெரும்பாலோர் இறைநம்பிக்கையுடையோர். தேவாலயம் அவர்களுக்கு ஆறுதலின் இல்லமாக இருந்து வந்துள்ளது. அமெரிக்க முஸ்லிம்களுள்ளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர் என 2017ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. 'தொழுங்கள், பொறுமையாயிருங்கள்' என்னும் அறிவுரை உண்மையானதே. ஆனால் அதனையே பேச்சை நிறுத்தும் ஆணையாக்கிவிடக் கூடாது. ஸப்ர் என்பது வாய்மூடல் அன்று. மகனைப் பிரிந்து, கண்பார்வை மங்குமளவு அழுது, தம் துயரை இறைவனிடம் முறையிட்ட யஃகூப் நபி (அலை) அவர்கள் பொறுமையிழந்தவராகக் கருதப்படவில்லை. நல்லாலோசகர் நம்பிக்கையைப் பழிப்பதுமில்லை. அதன் பின்னே நோய் மறைந்திருக்க இடமளிப்பதுமில்லை.

ஓர் எச்சரிக்கை

பண்பாட்டை அறிவது வேறு. பண்பாட்டை அச்சாக்கி மனிதரை அதில் வார்ப்பது வேறு. மிசிசிப்பியில் பல தலைமுறை வாழ்ந்த குடும்பத்துப் பெண்ணும், ஹெய்ட்டியிலிருந்து குடியேறியவரின் மகளும், நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவரும் ஒருவர் அல்லர். மெலனி டெர்வலோன், ஜேன் மரே கார்சியா என்னும் இரு மருத்துவர்கள் 1998ஆம் ஆண்டில் 'பண்பாட்டுப் பணிவு' என்னும் கருத்தை முன்வைத்தது இதனாலேயே. 'நான் அறிந்துவிட்டேன்' என்பதைவிட, 'நீங்கள் சொல்லுங்கள், நான் கற்கிறேன்' என்பதே மேலானது என்பது அதன் கருத்து.

மேலும், கூலியிலும் குடியிருப்பிலும் மருத்துவமனையிலும் நிகழும் அநீதியை ஆலோசனை தனித்து நீக்கிவிட முடியாது. சமூகத்தின் நோய்க்கு அப்பெண்ணை நோயாளியாக்காமல் இருப்பதும் ஆலோசகரின் கடமையே.

முக்தளல் ஹால் நமக்குக் கற்பிப்பதும் இதுவே: சொல்வதற்கு முன் கேட்பவரை அறிய வேண்டும், அறிவதற்கு, முதலில் நாம் கேட்பவராக வேண்டும். எல்லாவற்றையும் தாங்குபவள் என்று பெயர் பெற்றவளிடம், 'உங்களுக்கு வலிக்கிறதா?' என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பவரே நல்லாலோசகர்.