ஆறு சகோதரிகள், ஆயிரக்கணக்கான கடிதங்கள்

போன வருஷம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் ஒரு அரசியல் வீடியோ போட்டார். நான் சூடாகப் பதில் போட்டேன். அதோடு நாலு மாசம் பேச்சு நின்றுபோச்சு. "பெரியப்பா ஏன் இப்போ கூப்பிடறதே இல்ல?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் மிட்ஃபோர்ட் சகோதரிகளின் கடிதத் தொகுப்பு கையில் கிடைத்தது.

இங்கிலாந்தின் ரீட்ஸ்டேல் பிரபுவுக்கு ஆறு பெண்கள், ஒரு பையன். மூத்தவர் நான்சி நாவலாசிரியர். பமீலாவுக்குக் கிராமத்து வாழ்க்கைதான் பிடிக்கும். டயானா 1936-ல் பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் மோஸ்லியை மணந்தார். போர்க்காலத்தில் சிறையில் இருந்தார். யூனிட்டி ஹிட்லரின் பக்தை. போர் தொடங்கிய அன்று தன்னையே சுட்டுக்கொண்டு, 1948-ல் இறந்தார். ஜெசிக்காவோ கம்யூனிஸ்ட், அமெரிக்காவில் குடியேறியவர். 1943-ல் மோஸ்லி தம்பதியை விடுவித்ததை எதிர்த்து சர்ச்சிலுக்கே பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். சொந்த அக்காவை வெளியே விடக் கூடாதுன்னு! ஒரே சகோதரர் டாம் 1945-ல் பர்மாவில் போரில் இறந்தார்.

இத்தனைக்கும் நடுவில் கடைக்குட்டி டெபோரா. டெவன்ஷர் கோமகனின் இரண்டாவது மகன் ஆண்ட்ரூவை 1941-ல் மணந்தார். மூத்தவர் போரில் இறந்ததால் பட்டம் ஆண்ட்ரூவுக்கு வந்தது. 1950-ல் மாமனார் இறந்ததும் 80 சதவீத வாரிசு வரி. நிலங்களும் ஓவியங்களும் போயின. சாட்ஸ்வொர்த் மாளிகையை மக்கள் காசு கொடுத்துப் பார்க்க வரும் இடமாக்கி நிமிர்த்தியதில் டெபோராவுக்குப் பெரிய பங்கு.

ஆனால் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது வேறு. டயானாவும் ஜெசிக்காவும் முப்பது வருஷத்துக்கு மேல் பேசவில்லை. டெபோரா இருவருக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். நான்சி நோயில் கிடந்தபோது அந்த இருவரும் அரசியலைத் தொடாமல் ஒரே வீட்டில் சந்தித்தார்கள். 1970-களில் ஒரு குடும்ப ஆல்பம் காணாமல் போய், ஜெசிக்காமேல் சந்தேகம் விழுந்தது. டெபோராவுக்கும் அவருக்குமே மனக்கசப்பு. அதுவும் ஆறியது, கடிதங்கள் தொடர்ந்தன.

பாசிசத்தை மன்னிக்கணும்னு நான் சொல்லவில்லை. ஜெசிக்காவின் கோபம் நியாயமானதே. ஆனால் எங்க சண்டை வெறும் இரண்டு நிமிஷ வீடியோ.

அன்று இரவு அண்ணனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டேன்: "பாப்பா உங்களைக் கேக்கறா." பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.