பெர்மிட் இழந்தவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி



நமது அன்னதானப் பந்தியில் அமரும் தமிழகத் தொழிலாளர் சிலரிடம் இன்று பெர்மிட் இல்லை. அவர்கள் எல்லாரும் திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. முறையாக வந்து, பின்னர் பெர்மிட்டை இழந்தவர்களும் உண்டு.

மலேசியாவில் வேலை பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி, புதுப்பிப்பவரும் அவரே. சம்பளம் வரவில்லையென்று தொழிலாளி வெளியேறினால் பெர்மிட்டும் போய்விடுகிறது. பெர்மிட் இன்றித் தங்கினால், 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை.

ஆயினும் அவருக்கும் உரிமைகள் உண்டு. பிறர் கடப்பிதழைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சம்பள பாக்கிக்கு 1955 வேலைச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வழக்கு முடியும்வரை தங்கியிருக்கக் குடிநுழைவு இலாகாவிடம் ‘ஸ்பெஷல் பாஸ்’ கேட்கலாம். அதை மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 100 ரிங்கிட். ஆனால் அந்தப் பாஸில் வேலை செய்ய அனுமதியில்லை.

இங்கேதான் பலர் தளர்ந்துவிடுகிறார்கள். நியாயம் தம் பக்கம் இருந்தும், பசிக்கு அஞ்சி வழக்கைக் கைவிட்டு வெறுங்கையுடன் ஊர் திரும்புகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் இவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். வருபவரிடம் முதலில் சொல்வது இதுதான்: சம்பளச் சீட்டு, கடப்பிதழின் நகல், வேலை செய்த நாள்களின் குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள், பெர்மிட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

நன்கொடையாளப் பெருமக்களே, தாங்கள் வழங்கும் 100 ரிங்கிட், ஒருவர் ஒரு மாதம் அச்சமின்றித் தங்கித் தம் கூலியைக் கேட்க உதவும். இதுவும் அறப்பணியே.